பழைய டிரம் செட்டும் ஜாஸ் மேடையும்: சிங்கப்பூர் வாசிப்பாளருக்கு முழுமையான வழிகாட்டி

1950களிலும் 60களிலும் வந்த டிரம் செட்கள் மைக் இல்லாத மேடைகளுக்காகச் செய்யப்பட்டவை. மெல்லிய ஷெல் (டிரம்மின் மர உடல்), உருண்ட விளிம்பு, சிறிய பேஸ் டிரம். மெதுவாகத் தட்டினாலே முழு ஒலி வரும், டபுள் பேஸின் ஒலியை மூடாமல் அதன் அடியில் போய் உட்காரும். ஜாஸுக்கு இன்றும் பழைய செட்டைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

சிங்கப்பூரில் இதை மேடைக்குக் கொண்டுபோவதில் இரண்டு சிக்கல்கள். அந்தக் காலத்து இரும்புச் சாமான் இன்றைய கனமான சிம்பல்களையும் ஓங்கிய அடியையும் தாங்கச் செய்யப்பட்டதல்ல. அதைவிடப் பெரியது தட்பவெப்பம். வெளியே 80 சதவீதத்துக்கு மேல் ஈரம், உள்ளே 21 டிகிரி ஏசி. ஒரு நிகழ்ச்சிக்குள் செட் இந்த இரண்டுக்கும் இடையே போய்வருகிறது. கீழே சொல்லும் பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

எந்த செட், எந்த அளவு

ஜாஸுக்கு இரண்டு அமைப்புகள் போதும். முதலாவது 18 அங்குல பேஸ் டிரம், 12 அங்குல டாம், 14 அங்குல ஃப்ளோர் டாம். இரண்டாவது அதே டாம்களோடு 20 அங்குல பேஸ் டிரம். இரண்டுக்கும் ஸ்னேர் (அடியில் கம்பி பூட்டிய டிரம்) 14 அங்குல அகலம், 5 அல்லது 5.5 அங்குல ஆழம். கம்போங் கிளாம், போட் கீ பக்கத்துக் கடைவீடுகளில் மேடை என்பது பெரும்பாலும் ஒரு மூலை. அங்கே 18 அங்குலம் வசதி. பெரிய பேண்டோடு வாசிப்பவருக்கு 20 அங்குலத்தையே பரிந்துரைப்போம். 22 அங்குலம் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. ஆனால் மின்தூக்கியிலும் டாக்ஸியிலும் அதன் வித்தியாசம் தெரியும்.

கம்பெனி வாரியாகத் தெரிந்திருக்க வேண்டியவை சில. கிரெட்ச் செட்களில் ஷெல்லின் உட்புறம் வெள்ளிநிறப் பூச்சு இருக்கும், ஹூப், அதாவது ஹெட்டை (டிரம்மை மூடும் தோல் அல்லது பிளாஸ்டிக் சவ்வை) அழுத்திப் பிடிக்கும் வளையம், அச்சில் வார்த்த கனமான வகை. அதனால் ஒலி சற்று இறுக்கமாக, குவிந்து வரும். 12 அங்குல டாமில் ஒரு பக்கத்துக்கு ஐந்து லக்தான் (ஹெட்டை இறுக்கும் திருகு ஏறும் பிடி), சுருதி கூட்டும்போது இது கணக்கில் வரும். லட்விக் 1970களின் நடுப்பகுதி வரை மூன்றடுக்கு ஷெல்லும் விளிம்பில் வலுவூட்டும் வளையமும் வைத்துச் செய்தது. அதன் ஒலி இன்னும் அகலமானது, வெதுவெதுப்பானது. ஸ்லிங்கர்லேண்டின் ரேடியோ கிங் ஸ்னேர் ஒரே பலகையை நீராவியில் வளைத்துச் செய்தது. ரோஜர்ஸின் பிடிமானச் சாமான்கள் அந்தக் காலத்திலேயே மற்றவற்றைவிட உறுதியானவை.

பிரிட்டனின் பிரிமியர் செட்களில் ஒரு எச்சரிக்கை. 1960களின் பிற்பகுதி வரை அவர்கள் செய்த டிரம்களின் விட்டம் இன்றைய அளவோடு பொருந்தாது. இன்றைய 12, 14, 16 அங்குல ஹெட்கள் அவற்றில் ஏறாது, தனியாக வரவழைக்க வேண்டும். கரோசல் இணையச் சந்தையில் மலிவாகத் தெரியும் பழைய பிரிமியரை வாங்குமுன் ஒரு புது ஹெட்டைக் கையில் எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள்.

வாங்குமுன் சோதிப்பது

விற்பவர் வீட்டிலேயே ஹெட்களைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த செட் வேண்டாம்.

முதலில் வட்டம். அளவுநாடாவால் ஷெல்லின் விட்டத்தை நான்கு திசைகளில் அளக்க வேண்டும். வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த டிரம் எந்தச் சுருதியிலும் நிற்காது. அடுத்து விளிம்பு. சமையலறையின் கிரானைட் மேடையோ தடித்த கண்ணாடியோ இருந்தால் ஷெல்லை அதன்மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்து, அறை விளக்கை அணையுங்கள். விளிம்பின் அடியில் எங்கே வெளிச்சக் கோடு கசிகிறதோ அங்கே பள்ளம். ஒரு தாளின் தடிமன் அளவு கசிவைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளிக் காசு நுழைந்தால் விளிம்பைத் திரும்பச் செதுக்க வேண்டியிருக்கும். பழைய உருண்ட விளிம்பை இன்றைய கூரான 45 டிகிரிக்கு மாற்றிவிட்டால் அந்த ஒலி போய்விடும். செதுக்குபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது ராப், அதாவது ஷெல்லைச் சுற்றிய முத்துப் பளபளப்புத் தாள். அந்தக் காலத்து ராப் பெரும்பாலும் செல்லுலாய்டு. வருடம் ஏற ஏறச் சுருங்கி, சேர்மானக் கோட்டில் பிரியும், மஞ்சளாகும். சேர்மானத்தில் நகம் நுழைகிறதா பாருங்கள். சிறிதளவு பிரிந்திருந்தால் ஒட்டலாம். அலையலையாகப் புடைத்திருந்தால் அது ஷெல்லையும் இழுத்துக்கொண்டிருக்கும். விலையைப் பாதியாகக் கேட்க அதுவே போதுமான காரணம்.

நான்காவது மரை. ஹெட்டை இறுக்கும் ஒவ்வொரு டென்ஷன் ராடையும் விரலால் திருகிப் பாருங்கள். அமெரிக்க டிரம்கள் பெரும்பாலும் 12-24 மரை. பழைய ஐரோப்பிய, ஜப்பானியச் செட்கள் வேறு. பொருந்தாத ராடை யாரோ முறுக்கி ஏற்றியிருந்தால் லக்கின் உள்மரை தேய்ந்திருக்கும், வாசிக்கும்போது தானாகத் தளரும். கூடுதலாகத் துளையிட்ட ஷெல், விலைக்குப் பெரிய இழப்பு. ஒலிக்குச் சிறிய இழப்பு. மேடையில் வாசிக்க வாங்குபவருக்குத் துளை உள்ள செட் நல்ல பேரம்.

மேடைக்குத் தயார்ப்படுத்துவது

லக்குகளைக் கழற்றினால் பலவற்றுக்குள் ஒரு சுருள்வில் இருக்கும். ஸ்னேரையோ டாமையோ அடிக்கும்போது பின்னால் ஒரு மெல்லிய கிணுகிணு கேட்டால் குற்றவாளி அதுதான். வில்லை எடுத்துவிடாதீர்கள், அது உள்ளே இருக்கும் நட்டைத் தாங்குகிறது. அதைச் சுற்றி மெல்லிய ஃபெல்ட் துண்டையோ பஞ்சையோ அடைத்தால் சத்தம் நிற்கும். ஃபோம் வேண்டாம், இந்த ஊர் ஈரத்தில் சில வருடங்களில் பிசுபிசுத்துப் பொடியாகும். மரைகளை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸை ஊசிமுனை அளவு வையுங்கள். அதிகமானால் தூசி சேர்ந்து பசையாகும்.

பிடிமானச் சாமான்தான் மேடையில் முதலில் காலை வாரும். மூன்று இடங்கள்.

பேஸ் டிரம்மின் ஸ்பர், அதாவது அதை முன்னோக்கி நகராமல் நிறுத்தும் கால்கள். பழைய உள்ளிழுக்கும் ஸ்பர்கள் மெலிந்தவை, இறுக்கினாலும் வழுக்கும். ஷெல்லில் புதுத் துளை போடாமல், முன் ஹூப்பில் கவ்வும் ஸ்பர்களைக் கூடுதலாகப் பூட்டுங்கள். ஹூப் மரம் என்பதால் கவ்வும் இடத்தில் ஒரு தோல் துண்டு. பெடல் கவ்வும் பின் ஹூப்புக்கும் அதே.

டாம் பிடி. பேஸ் டிரம்மின் மேலுள்ள பழைய தண்டவாளப் பிடி ஆட்டம் கொடுக்கும், டாம் மெல்ல மெல்லத் தலைகுனியும். இதற்கு எளிய வழி, டாமை ஒரு ஸ்னேர் ஸ்டாண்டில் உட்கார வைப்பது. ஒரு ஸ்டாண்ட் கூடுதல் சுமைதான். ஆனால் பேஸ் டிரம்மின் மேல் பாரம் இல்லாததால் அதன் ஒலியும் திறக்கும். பழைய பிடியைக் கழற்றிப் பெயர் எழுதிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது மதிப்பு. ஸ்டாண்டின் கூடையை இறுக்கிப் பிடிக்க விடாதீர்கள். ஹூப் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், இறுக்கினால் டாம் ஊமையாகும்.

சிம்பல் ஸ்டாண்ட். தட்டையான அடிக்கால் கொண்ட பழைய ஸ்டாண்டுகள் இலேசானவை, தூக்க வசதி. 22 அங்குல ரைடு (தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் பெரிய சிம்பல்) வைத்தால் கவிழும் அபாயம் உண்டு. மூன்று கால்களில் ஒன்று சிம்பல் சாயும் திசைக்கு நேர் கீழே இருக்கட்டும். அப்படி வைத்தால் பெரும்பாலும் நிற்கும்.

ஹெட்களுக்கு வருவோம். கன்றுத்தோல் ஹெட்டின் ஒலிக்கு ஈடில்லை என்பது உண்மை. ஆனால் இந்த ஊரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது மிருதங்கம் வாசிப்பவருக்குத் தெரிந்ததே. ஈரத்தில் தொய்யும், ஏசி காற்றில் விறைக்கும், இரண்டு பாட்டுக்கு இடையே சுருதி மாறும். வாரம் இருமுறை வெவ்வேறு இடங்களில் வாசிப்பவருக்குப் பிளாஸ்டிக் ஹெட்தான் சரி. மேலே ஒற்றையடுக்கு, வெள்ளைப் பூச்சுள்ள, 10 மில் தடிமன் வகை (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பூச்சு இல்லாமல் பிரஷ் (குச்சிக்குப் பதில் பிடிக்கும் கம்பிக் கற்றை) வேலை நடக்காது. டாமின் அடியில் பூச்சற்ற அதே தடிமன் அல்லது இன்னும் மெல்லிய 7.5 மில். ஸ்னேரின் அடியில் 3 மில், மென்மையாக வாசிப்பவருக்கு 2 மில். பேஸ் டிரம்முக்கு இரு பக்கமும் முழு ஹெட், முன்பக்கத்தில் துளை வேண்டாம்.

ஒரு தொல்லை இங்கே எதிர்ப்படும். பழைய ஷெல்கள் சிலவற்றில் ராப்பும் சேர்ந்து விட்டம் சற்றுப் பெருத்திருக்கும், புது ஹெட்டின் அலுமினிய வளையம் ஷெல்லைக் கவ்விக்கொள்ளும். கட்டாயப்படுத்தி இறக்கினால் ஹெட் ஒருபக்கம் தொங்கும், எத்தனை திருகினாலும் சுருதி சேராது. பழைய டிரம்களுக்கென்றே கொஞ்சம் அகலமாகச் செய்யும் ஹெட்கள் கிடைக்கின்றன. அக்வேரியனின் அமெரிக்கன் வின்டேஜ் அப்படிப்பட்டது. ஹெட் ஷெல்லின்மேல் கையால் சுற்றினால் உராயாமல் சுழல வேண்டும். அதுதான் அளவு.

சுருதி

இது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் முதல் முறை செய்துவிட்டால் மேடையில் சின்னத் திருத்தம் போதும்.

1. விளிம்பைத் துணியால் துடைத்து ஹெட், ஹூப் இரண்டையும் வைத்து, எல்லா ராடுகளையும் விரலால் தொடும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள்.
2. ஆறு லக் என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வடிவில், ஒவ்வொன்றையும் அரைச் சுற்று. சுருக்கம் போகும்வரை.
3. நடுவில் உள்ளங்கையால் அழுத்தி ஹெட்டைப் படிய வையுங்கள். படபடவென்று ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம், பசை இளகும் சத்தம்.
4. ஒவ்வொரு லக்குக்கும் எதிரே, விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே, குச்சி நுனியால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். தாழ்ந்திருப்பதைக் கால் சுற்றுக்குமேல் ஏற்றாதீர்கள். உயர்ந்திருப்பதை இறக்கும்போது தேவைக்குமேல் இறக்கிவிட்டு மேலே ஏற்றிச் சேருங்கள். மரையில் உள்ள தளர்வு அப்போதுதான் போகும்.
5. அடி ஹெட்டை மேல் ஹெட்டுக்குச் சமமாக அல்லது ஒரு சுரம் உயரமாக வையுங்கள். அடி உயரமாக இருந்தால் ஒலி சுருக்கென்று பேசி அடங்கும்.

எந்தச் சுரத்தில்? டிரம்களுக்கு இடையே ச–ம இடைவெளி ஜாஸில் நன்றாக உட்காரும். தாழ்ந்த டிரம்மை ச என்று எடுத்தால் அடுத்தது அதற்கு ம. 14 அங்குல ஃப்ளோர் டாம் 98 ஹெர்ட்ஸ் பக்கம், 12 அங்குல டாம் 130 பக்கம், 18 அங்குல பேஸ் டிரம் 70 பக்கம் என்பது நல்ல தொடக்கம். ஸ்னேரின் மேல் ஹெட்டை 200 பக்கம் வைத்துப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது டபுள் பேஸ். அதன் திறந்த தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. உங்கள் பேஸ் டிரம் சரியாக 73இல் நின்றால் டபுள் பேஸ்காரர் டி தந்தியைத் தொடும்போதெல்லாம் உங்கள் டிரம்மும் கூடவே முனகும், அந்தச் சுரம் மட்டும் வீங்கிக் கேட்கும். பேஸ் டிரம்மை அதிலிருந்து அரைச் சுரம் விலக்குங்கள். ஃப்ளோர் டாமுக்கும் 98இல் அதே சோதனை. அவரை ஒவ்வொரு தந்தியாக மெதுவாக மீட்டச் சொல்லி, நீங்கள் எதையும் தொடாமல் செட்டின் பக்கம் காது வைத்தால் எது முனகுகிறது என்று உடனே தெரியும். இரண்டு நிமிட வேலை. மேடையின் ஒலியை இதைவிட மாற்றும் வேறு எதையும் எங்களால் சொல்ல முடியாது.

பேஸ் டிரம்மில் தலையணை வைக்காதீர்கள். கார்வை அதிகமென்றால், அடிக்கும் ஹெட்டின் உட்புறம், விளிம்பிலிருந்து விட்டத்தில் கால் பங்கு உள்ளே, 5 முதல் 7 செ.மீ. அகல ஃபெல்ட் பட்டை ஒன்று. அதுவே பழைய முறை. முன் ஹெட்டுக்கும் ஒன்று வேண்டுமா என்பதை அறை சொல்லும்.

சிம்பல்

ரைடு 20 அல்லது 22 அங்குலம், மெலிந்த வகை. 22 அங்குலம் 2,300 கிராமுக்குக் கீழ் இருந்தால் நல்லது. ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் சிம்பல் இணை) 14. இடப்பக்கம் 18 அல்லது 20. இஸ்தான்புலில் 1970களின் பிற்பகுதி வரை கையால் தட்டிச் செய்த பழைய கே ஜில்ஜியன்கள் விலையில் தனி உலகம். அவற்றில் ஆணித்துளை போட நினைப்பவர் நிறுத்திக்கொள்ளட்டும். ‘ஸ்ஸ்’ ஒலி வேண்டுமானால் நடுவிலிருந்து தொங்கும் மணிச் சங்கிலி போதும், கழற்றிவிடலாம்.

நடுத்துளையை விரலால் தடவுங்கள். ஒரு பக்கம் நீண்டு சாவித்துளை போலாகியிருந்தால், உறையில்லாத இரும்புத் தண்டில் பல வருடம் உராய்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறையும் கீழே ஃபெல்ட்டும் இல்லாமல் எந்த இடத்து ஸ்டாண்டிலும் உங்கள் சிம்பலை ஏற்றாதீர்கள். மேல் நட்டைத் தளர்வாக விடுங்கள். இறுக்கிய சிம்பல் விளிம்பில் பிளக்கும்.

வியர்வைக் கை பட்ட இடம் இந்த ஊரில் ஒரு வாரத்தில் பச்சையாகும். பாலிஷ் வேண்டாம், காய்ந்த பருத்தித் துணி போதும்.

கொண்டுபோவது

டாம்களும் ஸ்னேரும் மெத்தைப் பைகளில், பேஸ் டிரம் முடிந்தால் கெட்டி உறையில். ஷெல்லுக்கும் ஜிப்புக்கும் நடுவே ஒரு துண்டு, ராப் கீறாமல் இருக்கும். 18 அங்குல பேஸ் டிரம் சாதாரண டாக்ஸியின் பின் இருக்கையில் கதவு வழியே நுழையும். மற்றவை டாக்ஸியின் பின்பெட்டியில். ஆறு இருக்கை வண்டி கூப்பிட்டால் அவசரம் இல்லை. கடைவீட்டு மாடிக்கு ஏறும் படி குறுகலாக, செங்குத்தாக இருக்கும். மடக்கும் தள்ளுவண்டி ஐந்தடி நடைபாதை வரைதான் உதவும். பைகளில் தோள்வார் இருக்கட்டும்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாலை மழையைக் கணக்கில் வைத்தே கிளம்ப வேண்டும். பெரிய குப்பைப் பைகள் நான்கு கொண்டுபோங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் 50 டிகிரியைத் தாண்டும். செல்லுலாய்டு ராப் அங்கே ஒரு மதியத்தில் பசை விட்டுவிடும். சாப்பிட இறங்கும் அரைமணி நேரமும் இதில் சேரும்.

மேடையில்

நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பைகளை உள்ளே கொண்டுபோய்த் திறந்து வைத்துவிட்டு 20 முதல் 30 நிமிடம் டிரம் கீயை (ராடுகளைத் திருகும் சாவியை) தொடாதீர்கள். பிளாஸ்டிக் ஹெட்டுக்கு ஈரம் பொருட்டல்ல, ஆனால் குளிரில் அது ஷெல்லைவிட அதிகமாகச் சுருங்கும், சுருதி ஏறும். வந்தவுடன் சேர்த்த சுருதி முதல் பாட்டுக்குள் மாறிவிடும். ஏசியின் காற்றுவாய் நேராக உங்கள்மேல் வீசினால் ஒரு மீட்டர் தள்ளி இடம் கேளுங்கள்.

விரிப்பு முதலில். 1.2க்கு 1.5 மீட்டர், அடியில் ரப்பர் உள்ளது. அதன்மேல் ஸ்டூல், பெடலோடு பேஸ் டிரம், ஸ்னேர், ஹை-ஹேட், ரைடு, பிறகு டாம்கள். ஒவ்வொரு காலின் இடத்தையும் விரிப்பில் டேப்பால் குறித்து வைத்தால் அடுத்த முறை பத்து நிமிடத்தில் முடியும். டபுள் பேஸ்காரர் உங்கள் ஹை-ஹேட் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கட்டும். பியானோக்காரரின் கண் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒலிப்பொறியாளர் முன் ஹெட்டில் துளை கேட்டால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். மைக்கை முன் ஹெட்டிலிருந்து 20, 30 செ.மீ. தள்ளி, நடுவுக்குச் சற்று விலக்கி வைக்கச் சொல்லுங்கள். மேலே ஒரே ஒரு மைக். கண்ணாடியும் சிமென்டும் உள்ள சிறு கடையில் அதுவும் வேண்டாம்.

இந்த செட்டை ஓங்கி அடிப்பதில் பயன் இல்லை. ஒரு அளவுக்குமேல் ஒலி பெருகாது, தட்டையாகும். 7ஏ குச்சி, விட்டம் சுமார் 13.7 மி.மீ., பெரும்பாலான அறைகளுக்குப் போதும். பேஸ் டிரம்மை நான்கு தட்டுக்கும் வாசிக்கும்போது குதிகால் பெடலில் பதிந்திருக்க, அடிக்கும் உருண்டை ஹெட்டிலிருந்து 3 முதல் 5 செ.மீ.தான் பின்வாங்கட்டும். கேட்பவருக்கு அது தனியாகக் காதில் விழக்கூடாது. டபுள் பேஸின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு அடித்தளம் கிடைத்தது போல் இருக்க வேண்டும். உருண்டையை ஹெட்டில் அழுத்தி வைத்துவிட்டால் இரு ஹெட்டும் மூடிய டிரம்மில் அது துள்ளும், இரட்டை அடி விழும். ராக் வாசித்துப் பழகியவர்களுக்கு முதலில் தடுமாற்றம் தருவது இதுதான். வீட்டில் தினமும் பத்து நிமிடம் மிக மெதுவான வேகத்தில் பழகினால் கால் கற்றுக்கொள்ளும்.

முதல் பாட்டைப் பிரஷ்ஷில் தொடங்குவது நல்லது. அறையின் அளவு காதுக்குப் பிடிபடும், பேண்டும் சத்தத்தைத் தானாக அடக்கிக்கொள்ளும்.

எஸ்பிளனேட் திறந்தவெளி அரங்கம், பூமலை போன்ற இடங்களில் நிலைமை வேறு. சுவர் இல்லாததால் பேஸ் டிரம் மெலிந்து கேட்கும். ஃபெல்ட் பட்டையைத் தளர்த்தி அடிக்கும் ஹெட்டைக் கால் சுற்று இறக்குங்கள். கடற்கரையோரத்தில் வாசித்த இரவே குரோமியத்தையும் ஸ்னேர் கம்பிகளையும் துடைக்க வேண்டும். உப்புக்காற்று நாள் பார்க்காது.

நடுவில் கெடுவதும் கைவசம் வேண்டியதும்

ஸ்னேர் ஓயாமல் சலசலக்கிறதா? சாக்ஸஃபோனோ டாமோ அதைத் தூண்டுகிறது. டாமை அரைச் சுரம் நகர்த்துங்கள். போகவில்லையென்றால், அடி ஹெட்டில் கம்பியின் இரு முனைக்கும் அருகிலுள்ள நான்கு ராடுகளை மட்டும் கால் சுற்று தளர்த்துங்கள். கம்பியை மேலும் இறுக்கினால் சலசலப்பு குறையும், கூடவே ஸ்னேரின் உயிரும் போகும்.

ஸ்னேர் கம்பியைக் கட்டிய நூல் பழைய ஸ்டிரெய்னரில் (கம்பியை இறுக்கித் தளர்த்தும் பிடியில்) அறுவது சகஜம். கூரான உலோக விளிம்பில் உராய்வதால் வருவது. அந்த விளிம்பை நுண்ணிய மணல்தாளால் மழுக்கி, நூலுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை போட்டால் நீண்ட நாள் நிற்கும்.

ஒரே ராடு திரும்பத் திரும்பத் தளர்ந்தால், அது பெரும்பாலும் நீங்கள் ஹூப்போடு சேர்த்து அடிக்கும் இடத்து ராடு. நைலான் வாஷர் ஒன்று போதும். லட்விக் ஸ்பீட் கிங் பெடல் கீச்சிட்டால் அடியைத் திருப்பிப் பாருங்கள். வில்கள் தூண்களுக்குள் இருப்பதால் கீழிருந்து திறந்துதான் கிரீஸ் வைக்க முடியும். மேடையில் செய்யும் வேலையல்ல.

பையில் இருக்க வேண்டியவை: டிரம் கீ இரண்டு, உங்கள் மரைக்குப் பொருந்தும் ராடு இரண்டு, பேஸ் டிரம் ராடும் கொக்கியும் ஒன்று, ஸ்னேர் நூல், ஃபெல்ட், சிம்பல் உறை, டேப், டார்ச், குறடு, தோல் துண்டு, அடி ஹெட் ஒன்று. பழைய ஸ்டாண்டின் இறக்கை நட்டு இன்றைய எட்டு மி.மீ. நட்டோடு மாறாமல் போகலாம். ஒன்றைத் தொலைத்தால் அந்த இரவில் இசைக்கருவிக் கடைகள் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்கு ஓடினாலும் கிடைக்காது. ஆகவே உபரி இரண்டு.

முடிந்தபின்

இரவு பதினோரு மணிக்கு வெளியே 27 டிகிரி, 85 சதவீத ஈரம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் 24 டிகிரிக்கும் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி பூக்கும். மூன்று மணி நேரம் 21 டிகிரியில் இருந்த சிம்பலும் ஹூப்பும் லக்கும் அப்படிப்பட்டவைதான். வெளியே எடுத்துவந்து நடைபாதையில் கட்டினால், வேர்த்த உலோகத்தைப் பைக்குள் பூட்டுகிறீர்கள். குரோமியத்தில் புள்ளி புள்ளியாகத் துரு வருவதற்கு இதைவிட நிச்சயமான வழி கிடையாது. ஏசி அறைக்குள்ளேயே துடைத்து, பையில் போட்டு, ஜிப்பை முழுதும் மூடி, பிறகு வெளியேறுங்கள். வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். பைக்குள் எல்லாம் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்து, மறுநாள் காலைவரை காற்றாட விடுங்கள்.

வீவக வீட்டில் வைக்கும் இடம் என்றதும் பலரின் கை பாம் ஷெல்டர் பக்கம் நீளும். இடம் இருக்கிறது, கதவை மூடினால் கண்ணிலும் படாது. ஆனால் தடித்த சிமென்ட் சுவர், காற்றோட்டம் மிகக் குறைவு. கதவு மூடிய நிலையில் இரண்டு மாதத்தில் பைகளிலும் ஷெல்லின் உட்புறத்திலும் பூஞ்சை பிடிக்கும். அங்கேதான் வைக்க வேண்டுமென்றால் சின்ன ஈரமகற்றும் இயந்திரம் ஒன்று, ஈரமானி ஒன்று, தரையிலிருந்து பத்து செ.மீ. உயரத்தில் தட்டு. ஈரம் 50க்கும் 60க்கும் இடையே நிற்கட்டும். அதற்குக் கீழே இறக்கி வைத்தால் ராப்பும் பழைய பசையும் உலர்ந்து பிரியும், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் மரம் திரும்ப வீங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஸ்னேர் பைக்குள் உதவும், அறைக்குப் போதாது. பிரஷ்களை உள்ளிழுத்து அதே பையில் வையுங்கள், அவற்றின் கம்பிதான் முதலில் துருவேறும்.

ஹெட்களைத் தளர்த்தி வைக்காதீர்கள். இரு பக்கமும் வாசிக்கும் இறுக்கத்திலேயே இருந்தால் ஷெல் வட்டம் மாறாது. மாதம் ஒருமுறை எல்லா ராடுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள், லக்கை ஷெல்லோடு பிடிக்கும் உள் திருகுகளையும் ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை தொட்டு வாருங்கள். அவை அதிர்வில் மெல்லக் கழலும், அதிக முறுக்கு தாங்காது. நின்றவுடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.